கன்றின் வாய்க்குள் விட்ட கை

திருவான்மியூரில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறோம். போன மாசியில் எங்கள் நான்கு மாதக் கன்று திடீரென்று பால் குடிப்பதை நிறுத்தியது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தண்ணீர் வைத்தால் முகத்தை நுழைக்கும், ஆனால் விழுங்க முடியாது.

“பிளாஸ்டிக் கவரைத் துன்னுட்டுருக்கும். தொண்டையில மாட்டிக்கினு கீது” என்றார் என் கணவர்.

நானும் நம்பி, வாய்க்குள் கையை விட்டுத் துழாவினேன். எதுவும் சிக்கவில்லை. பல் கீறி என் விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் கன்று கம்மிய குரலில் ஓயாமல் கத்தியது, கம்பத்தை முட்டியது. பயந்துபோய், தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து கால்நடை டாக்டரை அழைத்தேன். வந்தவர் எட்ட நின்றே பார்த்தார்.

“இதை நாய் எதுனா கடிச்சுதாம்மா?”

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாதம் முன்பு தெருநாய் அதன் காலைக் கவ்வியது. மஞ்சள் அப்பிவிட்டு நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

“வாயில யாராவது கை வெச்சீங்களா?”

விரலைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“வெறிநோய் மாதிரி தெரியுது. சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!”

இரண்டு நாளில் கன்று செத்தது. எனக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். தண்ணீர் டம்ளரை எடுக்கும்போதெல்லாம், தொண்டையில் இறங்குமா என்று நடுங்கியபடியே குடித்தேன். மாதங்கள் பல கடந்த பிறகுதான் பயம் தெளிந்தது.

இப்போதெல்லாம் கன்றை நாய் கடித்தால், அன்றே காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்டி ஊசி போடவைக்கிறேன். எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில், அவர் பார்க்கும்வரை யாரையும் கை வைக்க விடுவதில்லை.