ஷாரோன் பிடித்த அட்மிஷன்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே எங்கள் கல்லூரியின் ஃபிளெக்ஸ் நிற்கிறது. அதில் கோட்டு போட்டுச் சிரிப்பவள் ஷாரோன். கீழே 'சாப்ட்வேர் இன்ஜினியர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கோட்டு போட்டோகிராபருடையது. வேலை எங்கே என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அங்கே கணக்குப் பாடம் எடுப்பவள். ஷாரோன் என் மாணவி, கெட்டிக்காரி. அப்பா ஆல்பர்ட் செங்கல் சூளைக் கூலி. கடைசி வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கே படம் பிடித்துவிட்டார்கள். கம்பெனியோ 'இப்போ வா, அப்போ வா' என்று ஒரு வருஷம் இழுத்தடித்து, ஆள் தேவையில்லை என்று ஒரே மெயிலில் கைகழுவியது. மற்ற கம்பெனிகள் அந்த ஒரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டே திருப்பி அனுப்பின. என்னத்தைச் சொல்வாள் பாவம்! கடைசியில் படித்த கல்லூரியிலேயே லேப் அசிஸ்டென்ட் ஆனாள். ஃபிளெக்ஸை மட்டும் யாரும் இறக்கவில்லை.

கோடையில் எங்களுக்கு லீவு கிடையாது. ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். பிடிக்காதவர்களுக்கு ஜூனில் வேலை இல்லை. சீ, என்ன பிழைப்பு! மே கடைசி வரை ஷாரோனுக்கு ஒன்றுகூட அமையவில்லை. ஆல்பர்ட் மூச்சிரைப்போடு வீட்டில் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

நானும் ஷாரோனும் பெருநகர் கிராமத்துக்குப் போனோம். அங்கே நடவு வேலைக்குப் போகும் மலர்க்கொடி எங்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானாள். மகள் கீர்த்தி பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் சீட் கிடைத்திருந்தது.

"ஐயே, போர்டுல கீற பொண்ணு நீதானேம்மா! நர்சிங் வேணான்னுட்டேன். இவளும் உன்னாட்டம் கம்ப்யூட்டர் படிச்சிக்கினு ஏசி ரூம்ல உக்காரட்டும்."

நான் அப்ளிகேஷனை எடுத்தேன். ஷாரோன் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தப் படம் பொய். எனக்கு எந்தக் கம்பெனியிலயும் வேலை இல்ல. இதே காலேஜ்ல கம்ப்யூட்டர தொடச்சிக்கினு கீறேன். கெடச்ச நர்சிங் சீட்ட வுட்றாதீங்க."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேலை போகிற நேரத்தில் இவளுக்கு என்ன உண்மை வேண்டிக்கிடக்கிறது!

மலர்க்கொடியின் சிரிப்பு நின்றது. "இன்னாமே பேசற? கூலிக்காரி பொண்ணு உனக்கு சமமா வந்துடும்னு வயித்தெரிச்சலா? நீ ஏறிட்ட, நாங்க சேத்துலயே கெடக்கணுமா?"

"எங்கப்பாவும் சூளையில கல்லு அறுத்தவருதான்க்கா" என்று ஷாரோன் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

மறுநாளே மகளைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். யார் சொல்லி வந்தீர்கள் என்று ஆபீசில் கேட்டார்களாம். "அந்த ஷாரோன் பொண்ணு வேணான்னுச்சு, அதுக்காவவே சேக்குறேன்" என்றாளாம். ஆபீஸ்காரர்கள் பெயரை மட்டும் காதில் வாங்கி, அட்மிஷனை ஷாரோன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தாளாளர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவள் கூனிக்குறுகி நின்றாள். வேலை நிலைத்தது.

முதல் லேப் வகுப்பில் கீர்த்தியின் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனது. ஷாரோன் போய்ச் சரிசெய்து கொடுத்தாள். "எது புரியலன்னாலும் எங்கிட்ட கேளு, கீர்த்தி" என்றாள்.

"வேணாம் மேடம். உங்ககிட்ட பேச்சே வெச்சிக்காதன்னு அம்மா சொல்லிக்கீது" என்றாள் கீர்த்தி.