கொடை நோட்டீஸ் அன்று எழும்பாத கம்ப்யூட்டர்

காலையில் சுவிட்சைப் போட்டதும் திரை கறுத்து, மூலையில் வெள்ளையாக இரண்டு வரி வந்து நின்றது. எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். டைப் அடிக்கிற மாரி பார்த்துவிட்டு, "உள்ள சிஸ்டமே இல்லங்குது ஆச்சி" என்றாள்.

பேட்டையில் இந்த அச்சகத்தை நான் ஒருத்தியாக நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடியதால், முந்தின நாள் ஜோசப் வந்து லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். மெக்கானிக் வேலையில் கெட்டிக்காரன். அவன் போன பிறகு மாரி அதில்தான் சேரன்மகாதேவிக் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸை அடித்து முடித்தாள். கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர் பெயர் மட்டுமே மூன்று பத்தி. மறுநாள் சாயங்காலம் பந்தலுக்குக் கால் நடுகிற கால்நாட்டு. அதற்குள் நோட்டீஸ் அம்மன் காலடியில் இருக்க வேண்டும்.

வாங்க வந்த தர்மகர்த்தா அண்ணாச்சி பெஞ்சில் நெளிந்தார். "முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க. வேற எடம் பாக்கேன்."

"அங்கன போயி அத்தன பேரையும் முதல்லேருந்து சொல்லணும். ஒரு பேரு விட்டாலும் உங்கள ஊருக்குள்ள விடமாட்டாவ. பைய உக்காருங்க" என்றேன்.

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அந்தக் கோயில் வேலை கை மாறினால் ஊர் வேலை முழுக்கப் பின்னாலேயே போய்விடும்.

மாரி போன் பண்ணியதும் ஜோசப் வந்தான். "நேத்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டுத்தான ஆச்சி போனேன்" என்றபடி பையைத் துழாவினான். "லினக்ஸ் கொண்டாந்த என் பென் டிரைவ் எங்கன?"

டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காலையில் விளக்கேற்றும் முன் மெஷின்களைத் துடைப்பேன். அப்போது கம்ப்யூட்டரில் யாருடைய பென் டிரைவ் இருந்தாலும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். ஒரு கல்யாணக் கார்டை வைரஸ் தின்ற நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அவன் அதைச் சொருகி ஆன் பண்ணினான். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழும்பியது. நோட்டீஸும் அப்படியே இருந்தது. அவன் முகம் மாறியது. ஆஃப் பண்ணி, பென் டிரைவைக் கழற்றி, மறுபடி போட்டான். கறுப்பு.

"போச்சு. பூட் லோடர டிஸ்க்ல போடாம இதுல போட்டுட்டேன்."

கம்ப்யூட்டரை எழுப்பிவிடுவது அந்த பூட் லோடர்தானாம். மற்ற எல்லாம் டிஸ்க்கில் பத்திரம்; எழுப்பத்தான் ஆளில்லை.

அண்ணாச்சி விடவில்லை. "வீட்டக் கெட்டிட்டு வாசலக் கொத்தனாரு வீட்டுல வச்சிட்டீரேவே."

ஜோசப்பே சிரித்துவிட்டான்.

"பென் டிரைவச் சொருகி முதல்ல பிரிண்ட் போடு மாரி. வாசல அவன் பொறவு வைக்கட்டும்" என்றேன்.

மத்தியானம் அண்ணாச்சி நோட்டீஸ் கட்டோடு பஸ் ஏறினார். ஜோசப் பூட் லோடரை டிஸ்க்கில் போட்டுச் சரிசெய்தான். சாயங்காலம் அண்ணாச்சி போன் பண்ணி, "கால்நாட்டியாச்சு. பேரு ஒண்ணும் விடல" என்றார்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தது என்று சொல்லுமுன் நீ கொண்டுவந்த சாமானையெல்லாம் எடுத்து வை. அதற்கப்புறம் ஓட்டிக் காட்டு. ஜோசப்புக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதெல்லாம் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் போடுகிறான்.