முப்பத்தொன்று இரண்டு தடவை

என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, முதலில் குஸ்திக்காரி, அப்புறம்தான் போலீஸ்காரி. பொம்பளைப் பிள்ளைக்குக் குஸ்தி எதுக்கு என்று வாய் ஓயாமல் கேட்ட அதே தெரு, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் "வாங்கம்மா, மோர் குடிங்க" என்றது. எங்கள் தெரு அப்படித்தான்.

வேலைக்குப் போன பிறகும் சித்தி பயிற்சியை விடவில்லை. சாயங்காலம் காரைக்கால்மேட்டுக் கடற்கரை மணலில் மல்லாந்து படுத்து, உச்சந்தலையையும் பாதங்களையும் ஊன்றி உடம்பை வில்லாக வளைத்துத் தூக்குவாள். குஸ்தியில் இரண்டு தோளும் தரையைத் தொட்டால் தோல்வி. எதிராளி மேலே கிடந்தாலும் தோள் படாமல் தாங்கத்தான் இந்தப் பாடு. எதிராளிக்குப் பதில் அவள் வயிற்றின்மேல் நான் உட்கார்ந்து ஐம்பது வரை எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் சுண்டல்.

நான் லேசில் இறங்க மாட்டேன். அங்கே உட்கார்ந்தால் ராணி மாதிரி இருக்கும். முப்பத்தேழு வரை போய், சத்தமில்லாமல் மறுபடி முப்பத்தொன்றுக்கு வந்துவிடுவேன். சித்தியின் கால் கிடுகிடுவென்று ஆடும். ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் பூவத்துக்குப் பக்கத்தில் சாராயம் கடத்திய இரண்டு பேரை மடக்கப் போனார்கள். ஒருவனை ஏட்டு துரத்திக்கொண்டு ஓட, மற்றவன் சித்தியைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்துவிட்டான். சித்தி உச்சந்தலையை ஊன்றி அவனோடு சேர்த்து உடம்பைத் தூக்கி, அவன் பிடி இறுகவிடாமல் ஏட்டு திரும்பி வரும்வரை தாங்கியிருக்கிறாள்.

"வேற யாரா இருந்தாலும் முடிஞ்சிருக்கும்மா," என்றார் வீட்டில் கொண்டுவந்து விட்ட ஏட்டு. சித்தியின் கழுத்தில் விரல் விரலாகக் கன்றியிருந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, "வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல கெட. உசுரு போனா திரும்ப வருமாடி?" என்று திட்டினாள்.

ஒரு மாதம் கழித்து, டாக்டர் சரி என்றதும், சித்தி மறுபடி மணலுக்குப் போனாள். மறுநாள் டியூட்டியில் சேரப் போகிறாளாம். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். எனக்கோ சித்தியின் கழுத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. ஐயோ, சீக்கிரம் விட்டுவிடலாம் என்று அன்றைக்கு ஓட்டமாக எண்ணினேன். முப்பதிலிருந்து நாற்பதுக்குத் தாவி, ஐம்பது என்று இறங்கப் பார்த்தேன்.

சித்தி உடம்பைத் தாழ்த்தவில்லை. கண்ணை மூடியபடியே, "முப்பத்தொண்ணு எங்கடி? எப்பவும் ரெண்டு தடவ வருமே," என்றாள்.

மாட்டிக்கொண்டேன். அம்மா என் பக்கம் வந்தாள். முதுகில் ஒன்று விழப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா சித்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தொன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். என்னைவிட மெதுவாக எண்ணினாள். முப்பத்தொன்பது வந்ததும் மறுபடி முப்பத்தொன்று என்றாள்.

அம்மாவுக்கும் கணக்கு வராது போலிருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.