முடிவைப் பார்க்காமல் எழுந்து வந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று கேட்ட மதினி, "நல்லதா நாலு வார்த்த எழுதுத்தா, ஒங்கண்ணன் பிடிவாதத்தயெல்லாம் எழுதி வச்சிராத" என்றும் சேர்த்தே சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். பிடிவாதத்தைக் கழித்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுதுவது எப்படி என்று அவர்களே எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். தெரிந்ததை எழுதுகிறேன். குறையிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது எம்.ரெட்டியபட்டியில். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. நாங்கள் மூன்று பேர்: மூத்தவர் அண்ணன், அடுத்தவர் சின்னண்ணன், கடைசியாக நான். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடப் பையைப் பரணில் போட்டுவிட்டுக் கடையைத் திறந்தவர்தான். அம்மா வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். அதனால் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அண்ணன்தான். சிக்கெடுக்கத் தெரியாது. கடைக்கு ஆள் வந்துவிடும் என்ற அவசரத்தில் இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் சடையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனாலும் ஒருநாள்கூடப் பின்னாமல் அனுப்பியதில்லை.

கடையில் அவர் வியாபாரம் செய்த அழகைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விதைப்புக்கு ஆட்கள் பருத்தி விதை கேட்டு வருவார்கள். வந்த மூட்டை அவருக்குத் திருப்தியில்லை என்றால், இது முளைக்காது, டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். விற்றுவிட்டு மழை மேல் பழி போடுகிற ஊரில் இவர் ஒருத்தர் இப்படி. மதினி தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் காதில் ஏறாது.

சின்னண்ணனுக்கு இந்தக் கடை ஆகாது. ஓரிடத்தில் உட்கார முடியாத பிறவி. பஸ்ஸு, லாரி, எது போனாலும் அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, வத்தல் லோடு ஏற்ற வந்த லாரியில் ஏறித் தூத்துக்குடி வரை போய்விட்டார். மறுநாள் காலையில் கப்பல் பார்த்த சந்தோஷத்தோடு வந்து இறங்கினார். கடையில் கூட்டம். அண்ணன் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். சின்னண்ணன் திரும்பி நடந்தார். போட்டிருந்த சட்டையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. இப்போது அறுபது. அவர் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு இருந்தது ஒரே வேலை, தம்பியைத் தேடுவது. கடையும் வீடும் அதற்கு இடையில் நடந்தவை. மதுரையில் பார்த்தேன் என்பார் ஒருவர், பம்பாயில் என்பார் இன்னொருவர். அண்ணன் மதுரையைத் தாண்டியதில்லை. ஆனால் வெளிதேசம் போகிற யாரைக் கேள்விப்பட்டாலும் சின்னண்ணன் போட்டோவில் ஒரு பிரதி போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். துபாயில் வேலை பார்த்த நரிக்குடிப் பக்கத்து பாய் ஒருவர் ஒவ்வொரு லீவுக்கும் கடைக்கு வந்து, விசாரித்தேன், தகவல் இல்லை என்று மறக்காமல் சொல்லிப் போவார். அந்தப் புண்ணியவானுக்கு இருந்த பொறுப்பு எங்கள் கூடப்பிறந்தவருக்கு இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அருப்புக்கோட்டைக்கு அந்த இங்கிலீஷ் படம் வந்தது. அப்போதே அது பழைய படம். அந்தக் காலத்தில் பணத்தைக் கொட்டி எடுத்ததாம். வெள்ளைக்காரர் ஒருவர் கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கப்பல், ஒட்டகம், யானை, நாய் இழுக்கிற வண்டி என்று மாறி மாறி ஏறி உலகம் முழுக்க ஓர் ஆளைத் தேடிப் போகிறார். பேசுவது யாருக்கும் புரியவில்லை. அண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தேடுகிறவர் அண்ணன், போட்டோவில் இருப்பவர் தம்பி. வேறு எதற்கு ஒரு மனுஷன் இத்தனை தூரம் அலைவான் என்று கேட்டார்.

கூடப் போனவர் பரளச்சி ஜவுளிக்கடைக்காரர் மகன். சரக்கெடுக்கப் போகிற பஸ்ஸில் அண்ணனுக்குப் பழக்கமானவர், பிற்பாடு எனக்கு வீட்டுக்காரராக வாய்த்தவர். அந்தக் கொட்டகையில் எந்தப் படமும் இரண்டு இடைவேளை விட்டுத்தான் ஓடும். மத்தியானக் காட்சிக்குப் போனால் முடிய ஆறேகால் ஆகும். எங்கள் பக்கம் வருகிற கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிக் கால் மணியைப் பார்க்க மாட்டார்கள். வில்லன் செத்தானா, கல்யாணம் நடந்ததா என்பதைப் பஸ்ஸில் அவரவர் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்வார்கள். அது யாருக்கும் குறையாகவும் தெரிந்ததில்லை.

இந்தப் படத்திலும் அப்படித்தான். பனி மூடிய ஒரு தேசம். நடுவில் ஒரு மரக் குடிசை. தேடி வந்தவர் கதவில் கை வைக்கிறார். அந்த இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டார்கள். ஒருநாள் இல்லை, மூன்று நாள். மூன்று நாளும் டிக்கெட் எடுத்து, மூன்று நாளும் கதவில் கை வைத்ததும் எழுந்து வந்தார்கள். ஒருநாள் அருப்புக்கோட்டையில் தங்கிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று பிறகு நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கடையை யார் திறப்பது என்பார் அண்ணன். மூன்று நாள் மத்தியானம் பூட்டிக் கிடந்தது யார் கடையாம்?

உள்ளே தம்பி உயிரோடு இருந்தான், கட்டிப்பிடித்து அழுதார்கள், அதுதான் முடிவு என்பது அண்ணன் கட்சி. உயிரோடு இருந்தால் இத்தனை காலம் ஒரு கடுதாசி போட மாட்டானா, செத்துத்தான் கிடந்திருப்பான் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். அண்ணன் யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தே விடாமல் வாதாடுவார். என் கல்யாணப் பந்தியில்கூட இலையை முன்னால் வைத்துக்கொண்டு இதே பேச்சு. நான் மணவறையில் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோதுதான் அது வெடித்தது. அழைப்பிதழில் தாய்மாமன்கள் என்று இரண்டு பெயர்கள் போட வேண்டும். சின்னண்ணன் பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" என்று போட்டு அடித்துக்கொண்டு வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். வராத ஆளை வருவார் என்று போட்டால் சபையில் கேட்க மாட்டார்களா என்றார். அண்ணன் பத்திரிகையைப் படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மாப்ள, ஒரு பொணத்தக் கண்ணால பாத்தீரா? எதுக்கு எந்தம்பியச் சாகடிச்சீரு?"

அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. "எத்தன வருசம் போனாலும் கதவத் தொறந்தா பொணந்தான் மச்சான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டார்.

காதுகுத்துக்கு அண்ணன் வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் என்ன காதுகுத்து? பெரியப்பா மகனை உட்கார வைக்கலாம் என்றார்கள். கூடப்பிறந்தவர் குத்துக்கல்லாக இருக்கும்போது வேறு மடி எதற்கு என்று நான் மறுத்துவிட்டேன். கறிச்சோறு போட்டோம், மொட்டை அடித்தோம், காதைக் குத்தாமலே கூட்டத்தை அனுப்பினோம். அந்த அவமானத்தை எழுதி மாளாது. எட்டாம் நாள் அண்ணன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு பரளச்சிக்கு வந்து இறங்கினார். வாசல்படியில் உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக் காது குத்தவைத்து, கம்மல் போட்டு, என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. முறையையும் விடவில்லை, கோபத்தையும் விடவில்லை.

பிறகு முப்பது வருஷத்துக்குப் பக்கம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. எல்லாம் என் வழியாகத்தான். ஒரே கல்யாண வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அவுக சாப்பிட்டாகளா கேளு என்று இவரும், ஒன் வீட்டுக்காரருக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தியா என்று அவரும் என்னை விரட்டுவார்கள். பார்க்காத ஒரு படத்தின் முடிவுக்காக நான் நடந்த நடையில் அந்த வெள்ளைக்காரர் சுற்றிய உலகத்தைச் சுற்றியிருக்கலாம். இதைச் சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். அதில் மட்டும் ஒற்றுமை.

சென்ற ஆண்டு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். என் மகள் அந்தப் படத்தை எப்படியோ தேடிக் கண்டுபிடித்து மாமாவுக்குக் காட்ட எடுத்து வந்தாள். நான் வீட்டுக்காரரிடம் சண்டை போடவில்லை. கிளம்பி நின்றுகொண்டு, நீங்கள் வருவதென்றால் இப்போதே வாருங்கள், பிறகு மாலையோடு வந்து பயனில்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டார்கள் மதினி. இரண்டு பேரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணன் அசந்துவிடுவார் என்பதால் இரண்டு மத்தியானங்களாகப் பார்த்தோம். கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்து மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வெள்ளைக்காரர் தேடிப் போனது தம்பியையே இல்லை. தன்னுடைய வரைபடத்தைத் திருடிக்கொண்டு ஓடிய பழைய கூட்டாளியை. இதற்காகவா இத்தனை வருஷம் என்று எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நிறுத்து என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அதற்குள் குடிசை வந்துவிட்டது. கதவு திறந்தது. உள்ளே அந்த ஆள் உட்கார்ந்தபடியே விறைத்துச் செத்துக் கிடந்தான்.

அண்ணன் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "இது அந்தப் படம் இல்லத்தா. அதுல தம்பிதான்" என்றார்.

எனக்கு என் வீட்டுக்காரரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆயுள் முழுக்க வாதாடியவர். கண்முன்னால் பிணம் கிடக்கிறது. அவர் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்தார்.

"ஆமா மச்சான். இது வேற படம். நாம பாத்தது வேற."

அண்ணன் கையை விலக்கவில்லை. அன்று என் வீட்டுக்காரர் அந்த வீட்டில் காப்பி குடித்தார். இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன கேடு என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார். "அவன அத்தன பேரு முன்னால அடிச்சிருக்கக் கூடாது. தப்புத்தான். வந்தான்னா சொல்லிருத்தா." அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார்.

அண்ணன் நோயுற்ற நாட்களில் மதுரைக்கும் ஊருக்கும் வண்டி ஓட்டிய உறவினர்களுக்கும், முகம் சுளிக்காமல் மருந்து கொடுத்த செவிலியருக்கும், பந்தல் போட்டு வந்தவர்களுக்குச் சோறு பொங்கிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரின் குடும்பப் பக்கத்தில் சின்னண்ணன் பெயருக்கு முன்னால் எதுவும் போடக்கூடாது என்று அச்சகத்தில் உட்கார்ந்து, சரியாக அடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி. இப்போதாவது செய்தாரே.

கடைசியாக ஒன்று. இந்த மலர் பம்பாய்க்கும் துபாய்க்கும் தபாலில் போகிறது. சின்னண்ணே, யார் கை மாறியாவது இது உங்கள் கைக்கு வந்திருந்தால் படியுங்கள். ஓர் அறைக்கு இத்தனை வருஷமா? ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லையா? அடித்தது தப்பு என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதைக் கேட்டது நான் ஒருத்திதான், எனக்கும் வயதாகிறது. கோபமெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் வந்து தொலையுங்கள்.

இப்படிக்கு,
கண்ணீருடன் தங்கை