ஜெயரூபினி கொம்பியூட்டர் வாங்கிய தபசுகாலம்

ஜெயரூபினிக்குச் சந்தேகக் குணம் பிறவியில் வந்ததில்லை. ஒரு பல்லியால் வந்தது.

முதன்முதலாக அவள் வாங்கிய கொம்பியூட்டரை, "புத்தம் புதுசு அக்கா, இப்பதான் பெட்டி உடைச்சது" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு கிழமைக்குள் அது இரையத் தொடங்க, மூடியைக் கழற்றிப் பார்த்தாள். மூலையில் பல்லி முட்டைக் கோதுகள் காய்ந்து கிடந்தன. குஞ்சுகள் பொரித்து வெளிக்கிட்டுக் கனகாலம் ஆகியிருக்க வேண்டும். கொண்டுபோய்க் காட்டினபோது கடைக்காரன் முகம் மாறாமல் சொன்னான்: "அது உங்கட வீட்டுப் பல்லி."

அதற்குப் பிறகு அவள் காஸ் சிலிண்டர் வாங்கினால் தராசு கேட்பாள். டோச் லைற் வாங்கினால் கடை வாசலிலேயே அடித்துப் பார்ப்பாள். "சுவாமியார் தீர்த்தம் தெளிச்சாலும் எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு கேப்பாள்" என்று அவளுடைய மனுசன் கிறகோரி மீன்வாடியில் சொல்லிச் சிரிப்பான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில், கோயிலுக்குப் போகிற வீதியில், தகரம் போட்ட ஓர் அறைதான் அவளுடைய தொழிலிடம். காலையில் கடற்றொழிலாளர் சங்கத்தின் வேலை: கடிதம், கூட்ட அறிக்கை, படகுப் பதிவுப் படிவம். பின்னேரத்தில் வீடியோ. முதல்நன்மை, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவாள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்கள் அழவேண்டிய இடத்தில் சரியாக அழுகிறமாதிரி ஒட்டுவாள். அந்தக் கைப்பழக்கத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய கொம்பியூட்டரை உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது. சங்கத்துக் கடிதம் அடிக்க அதில் இன்னும் உயிர் இருந்தது. வீடியோவுக்கு இல்லை. தை மாதம் நடந்த சுதாஜினியின் கலியாண வீடியோவை ஒரே கோப்பாக்கப் போட்டால், மோதிரம் மாற்றுகிற இடத்தில் ஒவ்வொருமுறையும் நின்றது. கடைசியில் துண்டு துண்டாக எடுத்து ஒருவழியாகக் கொடுத்தபோது பொம்பிளை வெளிநாடு போய்விட்டாள்.

"பாஸ்கு முடிய எங்கட மகள் டிலுசான்ர கலியாணம் வருது" என்றாள் பிரேமிளா அக்கா, பூசை முடிந்து வருகிற வழியில். "இந்தமுறையும் சுணங்கினால் புதுக்குடியிருப்பில புதுசா ஸ்டூடியோ திறந்தவையிட்டக் குடுத்திடுவம். பிறகு கோவிக்காதை பிள்ளை."

டிலுசாவோடு சேர்த்து மூன்று கலியாணம். ஒன்று போனால் மற்றதும் அதன் பின்னால் போகும் என்று ஜெயரூபினிக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாள் தபசுகாலத்தில் கோயிலில் கலியாணம் இல்லை. வாங்குவதென்றால் இதற்குள் வாங்கவேண்டும்.

கையில் சீட்டெடுத்த காசு இரண்டு லட்சம் இருந்தது. சுவிஸில் இருக்கிற அண்ணன் றொனால்ட், "மிச்சத்தை நான் போடுறன்" என்றான். சொல்லிவிட்டுக் கட்டளைகளையும் போட்டான். "மூண்டு கடையில விலை எடு. பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளுக்கு லைற் எரியிற பெட்டி இருக்கு, அதை எடு. வாங்கமுதல் எனக்கு வீடியோவில காட்டு."

வவுனியாவுக்கு பஸ் எடுத்தாள். முதல் கடையில் கல்குலேற்றரில் ஒரு தொகையைத் தட்டி, வாய் திறக்காமல் அவள் பக்கம் திருப்பினார்கள். நாலு லட்சத்துக்கும் மேலே. இரண்டாம் கடைக்காரன், "றாம் விலை நாளைக்கு ஏறும் அக்கா, இண்டைக்கே எடுங்கோ" என்றான். நாளைக்கு ஏறும் என்கிறவனை அவள் பல்லிக் காலத்திலிருந்தே அறிவாள். மூன்றாவது, அன்ஸார் நானாவின் கடை. தலை நரைத்த மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்:

"உங்கட இடம் கடலுக்குக் கிட்டவோ?"

என்னத்துக்கு இவருக்கு என் இடம் என்று நினைத்தபடி, "ஓம், முல்லைத்தீவு" என்றாள்.

"அப்ப கண்ணாடிப் பெட்டி வேண்டாம் பிள்ளை. முன்னால மூண்டு ஃபேன் நிண்டு உப்பை உறிஞ்சி உள்ளுக்க கொட்டும். சாதாரண பெட்டி எடுங்கோ, வலைத்தட்டியைக் கழட்டிக் கழுவிப் போடலாம். அவ்வளவு பெரிய கிறபிக்ஸ் காட் ஒண்டும் தேவையில்லை. அந்தக் காசை றாமிலயும் யூ.பி.எஸ்சிலயும் போடுங்கோ. நாங்களும் உங்கட பக்கம், தண்ணீரூற்று ஆக்கள்தான், கரண்ட் போய் வாறது தெரியும்."

மூன்றரை லட்சத்துக்குள் முடித்துவிட்டார். ஜெயரூபினிக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. கூட்டிச் சொல்கிற வியாபாரியை அவளுக்கு விளங்கும். குறைத்துச் சொல்கிற வியாபாரியை என்ன செய்வது? ஊரையும் சொல்லி விற்கிறாரே. எட்டி அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். சாதாரண பெட்டிகள் கூரைமட்டும் அடுக்கியிருந்தன. அதுதானே! விலைப்படாததை என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

ஆனாலும் அந்த உப்புக் கதை மனதைவிட்டுப் போகவில்லை. அடுத்த கிழமை சுதாஜினியின் கலியாணத்தை அப்படியே ஒரு டிஸ்கில் போட்டுக்கொண்டு திரும்ப வந்தாள்.

"நீங்கள் சொன்ன சாமான் எல்லாம் பூட்டின மெசினில இதை ஓடவிட்டுக் காட்டுங்கோ. நான் இருந்து பாப்பன்."

"இருங்கோ" என்றார் அன்ஸார் நானா. இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பின்னால் போய் இன்ரநெற் வயரைக் கழற்றினாள்.

"அதேன்?"

"வேற எங்கையோ ஓடுறதை இஞ்ச காட்டுறீங்களோ தெரியாது."

"பிள்ளை பொலிஸோ?"

"இல்லை, சங்கம்."

"அது அதைவிட மோசம்" என்று அவர் தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினார்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. போட்டுப் பார்த்தாள். மோதிரம் மாறியது. மாமியார் கண்ணைத் துடைத்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. நம்பாமல் இன்னொருமுறை ஓடவிட்டாள். அதுவும் சரி. மனம் கொஞ்சம் இளகி, றொனால்டுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"எங்க கண்ணாடி?" என்றான் அவன்.

"வேண்டாமாம் அண்ணா, உப்புக்காத்துக்குக் கூடாதாம். விலையும் குறைவு."

தொலைபேசி கடை முழுக்கக் கேட்கச் சொன்னது: "ரூபி, உண்மையைச் சொல்லு. மற்றக் கடை விலையை எனக்குக் காட்டிக் காசு வாங்கி, இவனிட்ட மலிவா எடுத்துப்போட்டு, மிச்சத்தை இரண்டுபேரும் பிரிக்கிறீங்களோ?"

அன்ஸார் நானா ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கீபோட்டைத் துடைத்தார்.

அந்தக் குரலை ஜெயரூபினிக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து அவளே அதில்தான் கதைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு நேரே அது வரும்போது காது சுட்டது.

"அண்ணா, உங்கட காசு வேண்டாம்."

"கோவிக்காதை, நான் சும்மா கேட்டனான்."

"கோவமில்லை. இதுக்குக் காசு தந்தால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் என்னட்டக் கணக்குக் கேப்பீங்கள். என்னால ஏலாது." வைத்துவிட்டாள்.

"மிச்சத்தை மெல்ல மெல்லத் தாங்கோவன்" என்றார் அன்ஸார் நானா.

"கடனும் வேண்டாம். இரண்டு லட்சத்துக்கு வரும்வரைக்கும் கழட்டுங்கோ."

கழற்றினார்கள். மொனிற்றர் வேண்டாம், பழையது கிடக்கிறது. கிறபிக்ஸ் காட் வேண்டாம், பிறகு பூட்டலாம். றாமில் கை வைக்க அவள் விடவில்லை. யூ.பி.எஸ்சிலும்.

"காட் இல்லாமல் ஓடுமோ?"

"ஓடும். ஆனால் நேரமெடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொன்னால் நம்பவே போறீங்கள்? போட்டுவிடுறன், இருந்து பாருங்கோ." தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் லுஹர் தொழுதிட்டு வாறன். கடையையும் ஒருக்காப் பாருங்கோ."

போய்விட்டார். காசு லாச்சியின் பூட்டில் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயரூபினி அசையாமல் இருந்தாள். என்னைச் சோதிக்கிறாரோ? கமரா எங்கே என்று மேலே பார்த்தாள். இருந்ததெல்லாம் ஒட்டடை. மவுஸ் வாங்க வந்த ஒருவரை, "முதலாளி பள்ளிக்குப் போட்டார், நில்லுங்கோ" என்று நிறுத்திவைத்தாள். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. மெல்ல மெல்லத்தான் ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அன்ஸார் நானா வந்து, மவுஸையும் விற்று, சாப்பிட்டும் முடிய அது முடிந்தது. படுக்கப்போக முதல் போட்டுவிட்டால் விடிய எடுக்கலாம். மூன்று கலியாணத்துக்கு அது காணும்.

காசை எண்ணிக் கொடுத்தாள். பில்லில் ஒவ்வொரு சாமானின் இலக்கத்தையும் எழுதுவித்தாள். பிறகு கைப்பையிலிருந்து நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் எடுத்து, மூடி திறந்திருந்த பெட்டிக்குள் றாமிலும் மதர்போட்டிலும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"இதென்ன பிள்ளை, பொட்டு வைக்கிறீங்கள்?"

"திருத்தக் கொண்டந்தால் இதே சாமான்தான் எனக்குத் திரும்பி வரவேணும்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டார். "இதை விட்டிட்டீங்கள். இதையும் மாத்தலாம்."

முல்லைத்தீவு பஸ்ஸில் பெட்டியைப் பின்னால் போடச் சொன்ன கொண்டக்டரோடு சண்டை பிடித்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். நெடுங்கேணி தாண்ட றொனால்டின் மெசேஜ் வந்தது: "உனக்கு அந்த இரண்டு லட்சம் முதல்ல எங்காலை வந்தது?" அதற்கு அவள் பதில் போடவில்லை. பிரேமிளா அக்காவுக்கு எழுதினாள்: "புது மெசின் எடுத்தாச்சு அக்கா. டிலுசான்ர வீடியோ சுணங்காது."

உடனே பதில் வந்தது. "உண்மையாவோ? சுதாஜினிக்கும் இப்பிடித்தானே சொன்னனீ."

பெட்டி நழுவாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டினாள்: "முதல்ல கலியாணத் திகதியைச் சொல்லுங்கோ."