ஏழாம் அடிக்குறிப்பு

கோட்டயத்து நாளிதழ் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் லில்லிக்குட்டி பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்திகளுக்குப் பின்னணிக் குறிப்பு எழுதுகிறாள். யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தைத்தான் முதலில் திறப்பாள். ஆனால் அடிக்குறிப்பைத் திறந்து பார்க்காமல் எதையும் எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

2025 நவம்பர் 14, பிற்பகல் 3.20. கைதக்குழி வாசகசாலையின் நூற்றாண்டுச் சிறப்பிதழ் ஏழு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். 'தொடக்கம் 1925' என்ற வரிக்கு ஏழாம் அடிக்குறிப்பு. திறந்தாள். அவளுடைய நாளிதழே வந்தது. 2017 மே 9. கீழே அவள் பெயர்.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. நின்றபடியே பக்கத்தின் திருத்த வரலாற்றைப் பார்த்தாள். 2016இல் யாரோ ஆதாரமில்லாமல் 1925 என்று எழுதியிருந்தார்கள். 2017இல் ஏதோ அவசரத்தில் அவள் அதை அப்படியே எடுத்திருக்கிறாள். மறு ஆண்டு அவள் கட்டுரையே அதற்கு ஆதாரமாகிவிட்டது.

வாசகசாலைச் செயலாளர் குஞ்ஞூஞ்ஞுவை அழைத்தாள்.

"சேட்டா, 1925ன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ! நீதானே எழுதின? கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோமே."

"பழைய கூட்டக் குறிப்பு நோட்டு இருக்கா?"

"அலமாரியில கிடக்கும். கரையான் மிச்சம் வச்சிருந்தா."

4.35க்கு நோட்டின் படம் வந்தது. அதற்குள் நான்கு முறை தண்ணீர் குடிக்கப் போய்விட்டு, குடிக்காமலே திரும்பியிருந்தாள். முதல் பக்கம்: 'கொல்லம் 1106 மேடம் 3. இன்று வாசகசாலை தொடங்கப்பட்டது.' மேடம் மலையாளச் சித்திரை; கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1931 ஏப்ரல்.

செய்தி ஆசிரியர் மாத்தச்சன் தலையில் கைவைத்தார்.

"எடி லில்லி, நாளன்னைக்கு விழா. பந்தல் போட்டாச்சு, மந்திரி வாழ்த்தும் வந்தாச்சு. ஆறு வருஷத்துல என்ன குடியா முழுகிடும்?"

"தப்பு என்னோடது சார். நாளைக்கும் அதையே போட்டா, எட்டாவது அடிக்குறிப்பும் நாமதான்."

"மந்திரி நூறுன்னு எழுதியிருக்காரே!"

"தொண்ணூத்தி நாலுக்கும் வாழ்த்தலாம் சார். வாழ்த்து கெட்டுப்போகாது."

முறைத்தார். பிறகு தலைப்பிலிருந்து 'நூறு' என்பதை அடித்தார். அவள் பெயரோடு திருத்தம் மூன்றாம் பக்கத்துக்குப் போயிற்று.

செய்தி கேட்டுக் குஞ்ஞூஞ்ஞு பெருமூச்சு விட்டார்.

"பாயசத்துக்கு ஆள் சொல்லியாச்சு, அதை நிறுத்த முடியாது. 2031ல நிஜ நூறுக்கு இன்னொரு தடவ காய்ச்ச வச்சுட்டியே, மோளே!"

5.50க்குக் கலைக்களஞ்சியத்தில் ஆண்டைத் திருத்தினாள். 6.05க்கு யாரோ பழையபடி ஆக்கிவிட்டார்கள். காரணமும் எழுதியிருந்தது: 'நாளிதழ் ஆதாரம் உள்ளது. மாற்ற வேண்டாம்.'

மறுநாள் காலை 5.40க்கே வாசலில் நின்றாள். நாளிதழ் வந்து விழுந்ததும் மூன்றாம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே கைப்பேசியில் ஆண்டைத் திருத்தி, ஏழாம் அடிக்குறிப்பில் இன்றைய திருத்தத்தை ஆதாரமாக வைத்தாள். உள்ளே காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கால் மணி நேரம் திரையைப் பார்த்தபடியே நின்றாள், மறுபடி யாராவது மாற்றுகிறார்களா என்று.