ரேடியோவில் நான் படித்த இங்கிலீசு

எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றி என் வயதுக்காரர்கள் இப்போது உருகி உருகிப் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பாட்டுகள் எங்கள் ஊர் கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்ததே தொண்ணூறுகளில்தான். இதெல்லாம் பழைய பாட்டு என்று அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லித்தான் போட்டிருப்பார். அது விளங்காததால் எல்லாமே புத்தம் புதுசு என்று நினைத்துக் கேட்டோம்.

எங்கள் வீட்டில் பாட்டு ஹராம். சினிமாப் பாட்டுத் தொடங்கினால் போதும், வாப்பா எங்கிருந்தாலும் வந்து ரேடியோவை மூடிவிடுவார். அதற்கு வாயைத் திறக்கிற உரிமை செய்தி நேரத்தில் மட்டும்தான். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஆங்கில சேவையோடு நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு அப்போது இருபது வயது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இங்கிலீசு படிக்கிறன் வாப்பா."

ரேடியோவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வாப்பா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இந்த மனிசன் என்னத்துக்கு இப்புடிக் கத்துறான்?"

"வகுப்புல பின்னுக்கு இருக்கிற புள்ளைகளுக்கும் கேக்கணுமே வாப்பா."

நம்பிவிட்டார். தமிழில் காதல் என்றால் ரேடியோ மூடப்படும். ஆங்கிலத்தில் எதுவானாலும் அது கல்வி. மறுநாளே புதுப் பற்றரி வந்தது. படிப்பு நடக்கும் நேரத்தில் உம்மா தேங்காய் துருவக் கூடாது என்று உத்தரவும் வந்தது. பள்ளிவாசலில், நெல் கடையில், கண்டவரிடமெல்லாம் "மகள் நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் இங்கிலீசு படிக்கிறா" என்று பெருமையடித்தார். என் பொய் ஊரைச் சுற்றியது.

அந்தப் பெருமையைக் கேட்டுத்தான் ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை அக்கரைப்பற்று. கொழும்பில் கிளாக்கர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றார்கள். பெண் பார்க்க வந்த அவருடைய ராத்தா, வட்டிலப்பம் சாப்பிட்டு முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தார்.

"தம்பி எழுதித் தந்த. இதுக்கு மறுமொழி எழுதிக் குடுங்களாம், இங்கிலீசுல."

வாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவடியில் நின்றார். என் மானம் போனால் போகட்டும், ஊரெல்லாம் சொல்லித் திரிந்த இந்த மனிதரின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? துண்டில் ஒரேயொரு வரி. எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூன்றாவது சொல்லில் மேளம் கேட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டின் முதல் வரி! இரண்டாவது வரியை, காதில் விழுந்திருந்தபடியே எழுதி மடித்துக் கொடுத்தேன்.

ஒரு கிழமையில் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம்.

நிக்காஹ் முடிந்ததும், எங்கள் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே குடிவந்தார், ஒரு பெட்டியோடும் ஒரு ரேடியோவோடும். தனியாக இருந்தபோது முதலில் அதைத்தான் கேட்டேன்.

"அந்தத் துண்டுல எழுதின வரிக்கு என்ன கருத்து?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியா. ரேடியோவுல கேட்ட பாட்டு. நான் வேலை செய்ற கந்தோர்ல எல்லாம் தமிழும் சிங்களமும்தான். நீங்களாவது சொல்லித் தருவீங்க எண்டு பாத்தன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் அஸருக்குப் பிறகு இரண்டு பேருமாகச் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டோம். உம்மா தேங்காயோடு உட்காரப் போயிருக்க வேண்டும். வெளியில் வாப்பா அதட்டுவது கேட்டது.

"சத்தம் போடாத! மகளும் மருமகனும் படிக்கிறாங்க."